கோட்டையும் கோயிலும்

தலயாத்திரை சைவ நன்மக்கள் மேற்கொள்ளத்தக்க கடன்களுள் ஒன்றாம். மூர்த்தி, தலம், தீர்த்தம் என்னும் மூன்றனையும் நாடிச் செல்லும் காலத்தே ஒருவனுடைய உள்ளம் தன் வீடு, தன் நிலம், தன் சுற்றம் என்னும் குறுகிய எல்லையைக் கடக்கின்றது. கால் நடக்க நடக்க மனம் கனிகின்றது. அக்கனிவே யாத்திரையின் பயன் என்க.

ஊர்திகள் மலிந்த இக்காலத்து யாத்திரையின் இயல்பு ஓரளவு மாறியிருக்கின்றது. காலையில் ஒரு மலைக்கோட்டை, நண்பகலில் ஓர் அருவி, மாலையில் ஒரு சிவாலயம் என ஒரே நாளிற் பலவற்றையும் கண்டு மீளுதல் எளிதாயிற்று. இது குறித்து அன்பர்களிடையே இருவேறு கருத்து நிலவக் காண்கிறோம். கோயில் வழிபாட்டுக்குச் செல்பவன் அரசர் போரிட்டு மாய்ந்த கோட்டைகளைப் பார்ப்பானேன் என்பார் ஒரு சாரார். பழங்கட்டடம் என்ற வகையில் கோட்டையும் கோயிலும் ஒன்றே. இரண்டையும் கண்ணாரக் கண்டு வருதலே போதும் என்பார் மற்றொரு சாரார். முன்னவர் கோட்டை கற்பிக்கும் பாடத்தை இழக்கின்றனர். பின்னவர் கோயில் தரும் பேற்றை இழக்கின்றனர். இரண்டையும் அதனதன் தரத்தில் வைத்துக் காண்பதே அறிவுடைமையாம். அவ்வாறு காண்பதற்குக் கள்ளக்குறிச்சிச் சீமையினும் சிறந்த இடம் நடுநாட்டில் அரிது.

கள்ளக்குறிச்சி 2019-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் விழுப்புரம் மாவட்டத்தினின்றும் பிரிந்து தனி மாவட்டமாயிற்று. மாவட்டம் புதியதே ஆயினும் மண் மிகப் பழையது. சங்க காலத்து மலையமான் மரபினர் ஆண்ட நாடும், நாயன்மார் திருவடி தோய்ந்த திருமுனைப்பாடி நாடும் இப்பகுதியில் அடங்கும். இதன் மேல்பால் கல்வராயன் மலை நெடுமதில் எடுத்தாற்போல நிற்கின்றது. அம்மலைக்கும் தெற்கேயுள்ள பச்சைமலைக்கும் இடையே ஆற்றூர்க் கணவாய் திறந்திருக்கின்றது. கொங்கு நாட்டிலிருந்தும் மைசூரிலிருந்தும் கீழைக் கடற்கரைக்கு இறங்க விரும்பிய படைகளுக்கு அக்கணவாய் ஒரு வாயிலாயிற்று. வாயில் உள்ள இடத்தே காவலும் வேண்டும் அன்றோ? ஆதலின் ஆற்றூரிலும் தியாகதுருகத்திலும் எலவானாசூரிலும் கோட்டைகள் எழுந்தன. இன்று சேலத்தினின்றும் உளுந்தூர்ப்பேட்டைக்குச் செல்லும் நெடுஞ்சாலை அப்பழைய படைவழியையே பெரும்பாலும் ஒட்டிச் செல்கின்றது. வண்டியில் அமர்ந்து செல்பவர் சன்னலின் புறத்தே காணும் குன்றுகள் யாவும் ஒரு காலத்தில் பகைவர் வருகையை நோக்கிக் கண்விழித்திருந்தவை.

அவற்றுள் தியாகதுருகத்து மலைக்கோட்டை முதற்கண் கருதத்தக்கது. கள்ளக்குறிச்சிக்குக் கிழக்கே சமவெளியினின்றும் திடுமென எழும் பாறைக்குன்று அது. பதினெட்டாம் நூற்றாண்டில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் கருநாடகத்தின் பொருட்டுப் பொருத காலத்து இது பன்முறை கைம்மாறிற்று. 1760-ஆம் ஆண்டில் பிரெஞ்சுத் தளபதி லாலி, ஐதர் அலியின் துணையை வேண்டி, அவனுடன் செய்த உடன்படிக்கையின்படி தியாகதுருகத்தையும் எலவானாசூரையும் மைசூராரிடம் விட்டுக்கொடுத்தான். கொடுத்தும் பயன் என்? 1761 சனவரியில் புதுச்சேரி வீழ்ந்தது. அவ்வாண்டிலேயே தியாகதுருகமும் ஆங்கிலேயர் வசமாயிற்று. பின்னர் 1790-ஆம் ஆண்டில் திப்பு சுல்தான் இக்கோட்டையைத் தாக்கினான். முன்பு வந்தவாசிக் கோட்டையை ஐதரின் படைக்கு எதிராகக் காத்து நின்ற கப்பித்தான் பிளிண்டு என்பவனே அப்போது இங்கும் காவலனாயிருந்தமையின், திப்பு இதனைக் கொள்ளமாட்டாது திருவண்ணாமலைப் பக்கம் திரும்பினான்.

கொடுத்தவனும் கொண்டவனும், தாக்கியவனும் தடுத்தவனும் ஆகிய எல்லாரும் சென்றொழிந்தனர். சிதைந்த மதில்கள் மட்டும் எஞ்சி நிற்கின்றன. ஒரு காலத்து இம்மலையைத் தமது உயிரினும் பெரிதாக எண்ணிய வீரர் எத்துணையர்! அவர்தம் பெயரை இன்று சொல்வார் யார்? யாக்கை நிலையாமையையும் செல்வ நிலையாமையையும் ஏட்டிற் படிப்பதினும் இம்மதிலடியில் ஒரு நாழிகை நின்று படிப்பது நெஞ்சில் ஆழப் பதியும். ஆதலின் யாத்திரிகர் கோட்டையை வெறுத்தொதுக்கல் வேண்டா. அதனைத் திருக்கோயிலுக்குச் செல்லும் வழியில் உள்ள ஒரு பாடசாலை என்றே கொள்க.

எலவானாசூரிலோ பாடம் இன்னும் தெளிவாகின்றது. அவ்வூர் பழங்கல்வெட்டுக்களில் இறையானரையூர் என வழங்கியது. அங்குள்ள பெருமானுக்குக் கிராமார்த்தநாதர் என்பது திருப்பெயர். ஊரிற் பாதியைத் தமதாகக் கொண்டருளியவர் என்பது பொருள். உமையம்மைக்குத் தம் திருமேனியிற் பாதியை ஈந்த பெருமான், இங்கே அடியார் ஊரிற் பாதியைக் கேட்டுப் பெற்றார் போலும்! கோட்டைக்காக மன்னர் பொருத அந்த ஊரில், கோட்டை என்னும் சொல் எலவானாசூர்க்கோட்டை என ஊர்ப்பெயரின் ஈற்றில் ஒட்டிக்கொண்டிருக்கின்றது. பெருமானோ சோழர் காலந்தொட்டு இன்றுகாறும் பூசை கொண்டருளுகின்றார். வாளால் ஊரை முழுதும் கொண்டவர் இழந்தனர். அன்பினாற் பாதி கொண்டவர் இழந்திலர்.

இனி மேற்கே கல்வராயன் மலையை நோக்குவோம். ஏறத்தாழ 2000 அடி முதல் 4000 அடி வரை உயர்ந்து பெரிய கல்வராயன், சின்னக் கல்வராயன் என இருபகுதியாய்ப் பரந்த அம்மலை மனிதர் கட்டாத கோட்டை. அதன்மேல் உள்ள ஓர் ஊருக்கு வெள்ளிமலை என்று பெயர். கயிலைக்குத் தமிழ்ச் சான்றோர் இட்ட பெயரும் அதுவே என்பதைக் கருதுங்கால் சைவர் உள்ளம் குளிரும். அம்மலையிற் பிறக்கும் ஆறுகளுள் ஒன்று கோமுகி. கருவறையினின்றும் திருமஞ்சன நீர் வெளிப்போதரும் வாய்க்கும் கோமுகி என்பதே பெயர். மலை முழுவதையும் ஓர் இலிங்கத் திருமேனியாகவும், மழையை அபிடேகமாகவும் எண்ணுவார்க்கு இவ்வாற்றின் பெயர் எத்துணைப் பொருத்தமாயிருக்கின்றது! மற்றொன்று மணிமுத்தாறு. அது திருமுதுகுன்றம் எய்தித் தீர்த்தமாகின்றது. சுந்தரமூர்த்தி நாயனார் பன்னீராயிரம் பொன்னை இட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்த அற்புதம் அவ்வாற்றை யாவரும் அறியச் செய்தது. முதுகுன்றத்தில் நீராடுவோர் தலைமேற் கொள்ளும் புனல் கல்வராயன் மலைக் காடுகளினின்றும் வருவது என்பதை எத்துணைப் பேர் நினைக்கின்றனர்?

அம்மலையில் வாழ்வோர் மலையாளிகள் எனப்படும் பழங்குடியினர். மலையை ஆளுவோர் என்பது பொருள். தம் முன்னோர் காஞ்சி மாநகரிலிருந்து வந்து மலையேறியவர் என்பது அவர்தம் மரபுரை. சாமையும் தினையும் விளைத்து, கடுக்காயும் புளியும் சேர்த்து வாழும் எளிய மக்கள். மலையை ஆளுவோர் என்று பெயர் பெற்றும், நிலம் சாகீர்தார்களின் கையில் இருந்தமையால், நாடு விடுதலை பெற்ற 1947-க்குப் பின்னரும் நெடுங்காலம் அவர்கள் அச்சாகீர்தார்களுக்கே உட்பட்டிருந்தனர். 1976-ஆம் ஆண்டிலேதான் அம்மலை முழுதும் அரசின் நேர் ஆட்சிக்குள் வந்தது. மேகம் அருவியையும் பெரியார் அருவியையும் கண்டு களிக்கச் செல்வோர் இதனை நினைவிற் கொள்ளுதல் வேண்டும். அருவியை வியந்து, அதன் அருகே குடிலில் வாழும் முதியவரை ஏறெடுத்தும் பாராது மீள்வது யாத்திரையாகாது. நடமாடும் கோயில் நம்மவராகிய மக்களே என்பது நம் சமயத்தின் உட்கிடை அன்றோ?

மலையினின்றும் இறங்கி வடகிழக்கே தென்பெண்ணையாற்றின் தென்கரையை அடைந்தால் திருக்கோவலூர் வீரட்டம் தோன்றும். அட்ட வீரட்டங்களுள் ஒன்றாகிய இத்தலத்தில் பெருமான் அந்தகாசுரனை அடர்த்தருளினார். அந்தகன் என்பதற்குக் குருடன் என்பது பொருள். ஆன்மாவின் அறிவுக்கண்ணை மறைக்கும் ஆணவ இருளே அந்தகன் எனச் சான்றோர் உரைப்பர். திருஞானசம்பந்தரும் திருநாவுக்கரசரும் பாடிய பதி. விநாயகப்பெருமான் தம் துதிக்கையால் ஔவைப் பிராட்டியாரைத் தூக்கிக் கயிலையிற் சேர்த்தருளியதும் இங்கே என்பர். ஆற்றின் நடுவே ஒரு பாறை உண்டு. கபிலர் குன்று என்று அதனை வழங்குவர். பாரியின் பறம்பு மூவேந்தர் முற்றுகையால் அழிந்தபின், அவன் மகளிரின் வாழ்வுக்கு வழி தேடி அலைந்த அந்தணப் புலவர், இம்மலையமான் குடியில் மணம் முடித்துவைத்துத் தம் கடன் முடிந்தது என்று இங்கே தீப்புகுந்தார் என்னும் செய்தி, முதல் இராசராசன் காலத்துக் கல்வெட்டாக வீரட்டத் திருக்கோயிலிற் பொறிக்கப்பட்டிருக்கின்றது. பறம்பு என்னும் கோட்டை வீழ்ந்தது. நட்பு என்னும் கோட்டை கல்லில் நின்றது.

இத்திருக்கோவலூரில் இருந்து அரசு செலுத்தியவரே மெய்ப்பொருள் நாயனார். அவர் வரலாற்றை நம் அன்பர்கள் நன்கறிவர். ஆயினும் கோட்டை, காவல் என்னும் நோக்கோடு அதனை இங்கு ஒருமுறை நினைத்தல் தகும். முத்தநாதன் என்பான் அவரொடு பலமுறை பொருது தோற்றவன். யானையும் குதிரையும் கொண்டு கடக்கமாட்டாத வாயில்களை அவன் திருநீற்றையும் சடைமுடியையும் கொண்டு கடந்தான். ஏட்டுக்கட்டினுள் கருவி மறைந்திருந்தது. கடைவாயிலில் நின்ற தத்தன் மட்டும் அரசர் துயிலும் பொழுது என்று தடுத்தான். எவருமறியா ஆகமம் ஒன்றை உரைக்க வந்தோம் என்று அவ்வஞ்சகன் அவனையும் கடந்தான். நாயனார் எழுந்து, வணங்கி, உயர்ந்த ஆசனத்தில் அவனை இருத்தி, தாம் தரையில் அமர்ந்து, தேவியாரையும் அப்பாற் போக்கிக் கேட்கத் தொடங்கினார். அவன் எண்ணியதைச் செய்து முடித்தான். வாளோடு பாய்ந்த தத்தனை நாயனார் தடுத்து, இவர் நம்மவர். இடையூறின்றி ஊர்ப்புறத்தே கொண்டுபோய் விடுக என்று பணித்தார். திரண்டெழுந்த நகரமக்களை அரசாணை கூறி விலக்கி, ஆளரவமற்ற காட்டெல்லை வரையில் அவனைக் கொண்டுவிட்டுத் தத்தன் மீண்டு வந்து சொல்லும் அளவும் நாயனார் தம் உயிரைத் தாங்கியிருந்தார்.

இதனைக் கேட்கும் இக்காலத்தார் சிலர், இஃது ஏமாளித்தனம் அன்றோ என வினவுவர். வேடத்தை ஆராயாது நம்புதல் கள்வர்க்கு வாயில் திறந்துவிடுதல் ஆகாதோ என்பர். வினா புறக்கணிக்கத்தக்கதன்று. ஏனெனில் இன்று நம் கோயில்களுக்கு நேர்ந்துள்ள இடர் அத்தகையதே. தியாகதுருகத்துக்கு அணித்தாக வீரசோழபுரம் என்னும் ஊரில் பழமையான சிவாலயம் ஒன்றுண்டு. அதனின்றும் களவாடப்பட்ட செப்புத் திருமேனிகள் ஆறு அமெரிக்க நாட்டிலே காட்சிச்சாலை முதலிய இடங்களுக்குப் போய்ச் சேர்ந்தமையைத் தமிழகக் காவல்துறையின் சிலைக்கடத்தல் தடுப்புப் பிரிவினர் 2022-ஆம் ஆண்டில் கண்டறிந்து வெளியிட்டனர். புதுச்சேரிப் பிரெஞ்சு நிறுவனத்தார் முற்காலத்து எடுத்துவைத்திருந்த நிழற்படங்களே அதற்குச் சான்றாயின. முப்புரம் எரித்த பெருமான் திருவுருவும், பரவையாரோடு கூடிய சுந்தரமூர்த்தி நாயனார் திருவுருவும் அவற்றுள் அடங்கும். மூன்று கோட்டைகளைச் சிரித்தெரித்த பெருமானின் திருமேனிக்கு ஒரு கதவின் காவல் இல்லாதொழிந்தது! இதே மாவட்டத்துத் திருநாவலூரிலே பிறந்து, வன்றொண்டர் எனப் பெயர்பெற்ற நம்பிகளின் திருவுருவம், தம்மூர்க்குச் சில கல் தொலைவினின்றும் கடல் கடந்து விலைபொருளாயிற்று. திருமஞ்சனமும் பூவும் நெய்விளக்கும் கொண்ட மேனிகள் கண்ணாடிப் பேழைக்குள் நிற்கின்றன என்று எண்ணும்போது நெஞ்சம் பதைக்கின்றதன்றோ?

ஆயின் மெய்ப்பொருள் நாயனார் வரலாறு இக்களவுக்கு இடந்தருமோ? தராது என்க. நாயனார் விட்டுக்கொடுத்தது யாது? தம் உயிர். அது தம்முடையது, தம்முடையதைத் தாம் கொடுக்கலாம். சிவனுடையதை அவர் ஒருவர்க்கும் விட்டுக்கொடுத்திலர். தமக்குத் தீங்கு செய்தவனைப் பொறுத்தல் அடியார் இயல்பு. சிவனுக்கு உரியதற்குத் தீங்கு வருங்கால் பொறாமையும் அடியார் இயல்பே. பாற்குடத்தை இடறிய தந்தை என்றும் பாராது ஒறுத்தார் சண்டேசுர நாயனார். சிவகாமியாண்டாரின் பூக்கூடையைப் பறித்துச் சிதறிய பட்டத்து யானையையும் வீழ்த்தினார் எறிபத்த நாயனார். ஒரே புராணத்துள் இவ்விரு திறத்தாரையும் வைத்து வணங்குகின்றோம். இவ்விரண்டும் முரண் என்று தோன்றுவது, தனது என்பதற்கும் சிவனது என்பதற்கும் உள்ள வேறுபாட்டை மறந்தமையால் வருவது. நாமோ பெரும்பாலும் தலைகீழாக நடக்கின்றோம். நம் வேலியை அயலான் ஒரு சாண் தள்ளினால் வழக்காடுகின்றோம். நம் ஊர்க் கோயிலின் திருமேனி காணாமற்போனால் ஒரு நாள் வருந்தி மறுநாள் மறக்கின்றோம்.

திருநாவலூர் இவ்வகையில் இன்னுமொரு செய்தியைத் தருகின்றது. பராந்தக சோழன் மகன் இராசாதித்தன் வடக்கினின்றும் வரக்கூடிய படையெடுப்பைக் கருதி இப்பகுதியிலே பெரும்படையொடு தங்கியிருந்தான். அவன் பெயரால் இவ்வூர் இராசாதித்தபுரம் எனவும் வழங்கிற்று. 949-ஆம் ஆண்டில் தக்கோலப் போரில் அவ்விளவரசன் யானைமேலிருந்தவாறே மாய்ந்தான். அவன் படை போயிற்று; அவன் பெயரால் வழங்கிய ஊர்ப்பெயரும் போயிற்று. இவ்வூரிலே தெருவிற் சிறுதேர் உருட்டி விளையாடிய மழலை ஒன்றைக் கண்டு, பெற்றோரை இரந்து பெற்று வளர்த்தாரே நரசிங்கமுனையரையர், அவர் செய்த அச்சிறு செயல் சைவ உலகம் உள்ளளவும் நிற்கும். அவரும் திருநீற்று வேடத்தை வணங்கியவரே. ஆதிரை நாளில் அடியார்க்குப் பொன் வழங்குங்கால், காமக்குறி தோன்ற நீறு மட்டும் பூசி வந்த ஒருவனைக் கண்டு பிறர் ஒதுங்க, அவர் மட்டும் வணங்கி இரட்டிப் பொன் கொடுத்தார். அங்கும் கொடுத்தது தம் பொன்னே என்பதை நோக்குக.

திருக்கோவலூர்க்குக் கிழக்கே அதே பெண்ணையின் தென்கரையில் திருவெண்ணெய்நல்லூர் உள்ளது. இன்று அது விழுப்புரம் மாவட்டத்தில் அடங்கும். சுந்தரரைத் தடுத்தாட்கொண்ட பதியும், பதின்மூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்ட தேவர் இருந்து சிவஞானபோதம் அருளிய பதியும் அதுவே. அந்நூலின் பன்னிரண்டாம் சூத்திரம், மலம் கழிந்த மெய்யுணர்வினர்க்கும் அடியார் வேடமும் திருக்கோயிலும் சிவமாகவே வணங்கத்தக்கன எனத் துணிகின்றது. வேடத்தைச் சிவமாகத் தொழுத மெய்ப்பொருள் நாயனாரும் நரசிங்கமுனையரையரும் வாழ்ந்த திருமுனைப்பாடிப் பகுதியிலேயே, அத்தொழுகையைச் சாத்திரமாக வகுத்த ஆசிரியரும் வாழ்ந்தார் என்பது எண்ணுந்தோறும் இன்பம் பயப்பது. அச்சூத்திரம் வேடத்தோடு நில்லாது ஆலயத்தையும் உடன் வைத்தது. வேடத்தை வணங்குவோம், ஆலயத்தைக் காவாதுவிடுவோம் என்பார்க்கு அங்கே இடமில்லை.

கோயில் என்னும் சொல்லே கோ இருக்கும் இல் என விரிவது. பண்டு அரசன் மனைக்கும் அதுவே பெயர். காலப்போக்கில் அரண்மனைகள் சிதைந்தன. அச்சொல் இறைவன் திருமனைக்கே உரித்தாயிற்று. சொல் தானே அறிந்துகொண்டது போலும், நிலைத்த கோ யாவர் என்பதை. ஆயினும் அவர் மனைக்கு அகழியும் இல்லை, பீரங்கியும் இல்லை. நாள்தோறும் சென்று வணங்குவோர் கூட்டமே அதன் மதில். வழிபாடு குறைந்த கோயிலே கொள்ளை போகின்றது. ஊரார் ஒருவராவது அந்திப்பொழுதில் விளக்கேற்றும் கோயிலில் அஃது எளிதில் நிகழ்வதன்று. புகழ்பெற்ற பதிகளுக்கு மட்டும் திரண்டு சென்று, வழியில் உள்ள சிற்றூர்ச் சிவாலயங்களைக் கதவடைத்தபடியே கடந்துபோகும் வழக்கம் இக்காரணத்தாற் குறைதல் வேண்டும்.

எனவே இப்பகுதிக்கு யாத்திரை செல்வோர் தியாகதுருகத்து மலையேறுக. மதில்களில் தம் பெயரைக் கீறாது இறங்குக. எலவானாசூரில் பாதி ஊர் கொண்டாரை வணங்குக. இரிஷிவந்தியம் சென்று அர்த்தநாரீசுரரைத் தொழுக. கோவல் வீரட்டத்தில் மெய்ப்பொருளாரை நினைந்து கசிக. நாவலூரில் நம்பிகளை நினைந்து பாடுக. வழியில் ஒரு சிற்றூர்க் கோயிலேனும் நாடி, ஓர் ஆழாக்கு எண்ணெய் கொடுத்து, அங்குள்ள திருமேனிகளை ஊர் இளைஞர் நிழற்படம் எடுத்துப் பதிந்துவைத்திருக்கின்றனரா எனக் கேட்டுச் செல்க. கல்வெட்டின்மேல் சுண்ணாம்பு பூசுவாரைக் கண்டால் இன்சொல்லால் தடுக்க.

வலம்வந்து முடிவிற் சண்டேசுரர் திருமுன் நின்று இரு கைகளையும் தட்டிக் காட்டும் வழக்கம் நம்மிடையே உண்டு. பெருமானுக்குரிய பொருள் ஒன்றனையும் கொண்டுபோகின்றிலேன் என்று கணக்கொப்புவிப்பதே அதன் கருத்து. சோழர் காலத்தே கோயில் நிலங்களின் கொள்ளலும் கொடுத்தலும் அப்பெருமானார் பெயரிலேயே நிகழ்ந்தன. கொண்டுபோகவில்லை என்பதோடு நம் கடன் முடிந்துவிடாது. கொண்டுபோக விடவும் இல்லை என்று சொல்லும் தகுதியையும் பெறுதல் வேண்டும். அத்தகுதியை எய்துவார்க்கே யாத்திரை முழுப்பயன் தரும். அதற்குத் திருவருள் முன்னிற்பதாக.